மழை பட்டால் செர்ரிப் பழம் ஏன் வெடிக்கிறது?

கேள்வி இதுதான்: அறுவடைக்கு ஒரு வாரமோ பத்து நாளோ இருக்கும்போது மழை பெய்தால் இனிப்புச் செர்ரிப் பழங்கள் ஏன் வெடித்துப் போகின்றன? பழம் அளவுக்கு மீறித் தண்ணீர் குடிப்பதுதான் காரணம் என்றால் பாசனத்தை முன்கூட்டியே நிறுத்திவிட்டால் போதாதா? கால்சியம் தெளிப்பதும், ஹெலிகாப்டரைத் தாழப் பறக்கவிட்டு மரங்களை உலர்த்துவதும் உண்மையிலேயே பயன் தருமா?

நேரடியான பதிலை முதலில் சொல்லிவிடுகிறேன். பழம் தண்ணீர் குடித்து, நிரம்பி, தாங்க முடியாமல் வெடிக்கிறது என்ற விளக்கம் பல பத்தாண்டுகளாகப் பாடநூல்களில் இருந்துவருகிறது. ஆனால் நடப்பது அதுவல்ல. தோலில் நீர் தேங்கி நின்ற ஒரு சிறிய இடம் முதலில் பழுதாகிறது. அந்தப் பழுது அங்கிருந்து பரவிப் பிளவாகிறது. முழுப் பழத்துக்குள்ளும் எவ்வளவு நீர் போனது என்பது இரண்டாம்பட்சம். தோலின் எந்தப் பகுதி எவ்வளவு நேரம் நனைந்தபடி இருந்தது என்பதுதான் பழத்தின் கதியைத் தீர்மானிக்கிறது. நீங்கள் கேட்ட எல்லா உபாயங்களையும் இந்த ஒரே அளவுகோலை வைத்து எடைபோட்டுவிடலாம்.

மழை ஓய்ந்த மறுநாள் ஒரு மரத்தின் கீழே நின்று பழங்களை ஒவ்வொன்றாகத் திருப்பிப் பாருங்கள். வெடிப்பு எல்லாப் பழத்திலும் ஒரே மாதிரி இருக்காது. காம்பு பழத்தில் இறங்கும் குழியைச் சுற்றி அரைவட்டமாக, பிறை போல ஓடும் மெல்லிய வெடிப்பு ஒரு வகை. பழத்தின் அடிநுனியில், பூவாக இருந்தபோது சூல்தண்டு உதிர்ந்த தழும்பை ஒட்டி, சிறு நட்சத்திரமாகவோ குறுக்குக் கோடாகவோ தோன்றுவது இன்னொரு வகை. மூன்றாவது, கன்னத்தில் மேலிருந்து கீழாகப் பிளந்து, சில நேரம் கொட்டை தெரியும் அளவுக்கு ஆழமாகப் போவது. முதல் இரண்டு இடங்களுக்கும் ஓர் ஒற்றுமை உண்டு. மழை நின்ற பிறகும் குழியில் நீர் தேங்கி நிற்கும். கீழ்நுனியில் கடைசித் துளி விழாமல் தொங்கிக்கொண்டே இருக்கும். கன்னத்தில் பட்ட நீர் வழிந்து ஓடிக் காய்ந்துவிடும்போது, இந்த இரண்டு இடங்களும் மணிக்கணக்கில் நனைந்தே கிடக்கின்றன. கொத்தாகக் காய்க்கும் கிளைகளில் ஒரு பழம் இன்னொன்றோடு ஒட்டிக்கொண்டிருக்கும் இடத்திலும் இப்படியே நீர் சிக்கிக்கொள்ளும்.

இனி தோலுக்கு வருவோம். எல்லாத் தாவரங்களின் மேற்பரப்பிலும் இருப்பது போலச் செர்ரியின் மேலும் கியூட்டிக்கிள் என்ற நீர்விலக்கும் படலம் இருக்கிறது. செர்ரியில் அது மிக மெல்லியது; சுமார் ஒரு மைக்ரோமீட்டர் கனம்தான். அதற்குக் கீழே புறத்தோல் செல்களும் அவற்றை அடுத்த தடித்த சுவருள்ள செல்களும் சேர்ந்துதான் பழத்தின் உண்மையான கட்டுக்கோப்பைத் தாங்குகின்றன. கியூட்டிக்கிளின் வேலை நீரைத் தடுப்பது. பாரம் தாங்குவது செல்களின் வேலை.

சிக்கல் பழம் வளரும் விதத்திலேயே தொடங்குகிறது. செர்ரி சீராக வளர்வதில்லை. பூத்தபின் செல்கள் பெருகும் காலம் ஒன்று. பிறகு கொட்டை இறுகும் காலம், அப்போது பழத்தின் வளர்ச்சி ஏறக்குறைய நின்றுவிடும். கடைசியாக, அறுவடைக்கு முந்தைய சில வாரங்களில் செல்கள் ஒவ்வொன்றும் விரிந்து பழம் மளமளவென்று பருக்கும். கியூட்டிக்கிள் படிவது இந்தக் கடைசிக் காலம் தொடங்கும்போதே ஏறக்குறைய நின்றுபோகிறது. அதாவது, பழம் மிக வேகமாகப் பருக்கும் காலத்தில் அதன் போர்வைக்குப் புதிதாக எதுவும் சேர்வதில்லை. ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம்: பழத்தின் எடை நான்கு மடங்கானால் அதன் மேற்பரப்பு ஏறக்குறைய இரண்டரை மடங்காகும். முன்பு இருந்த அதே அளவு படலம் இந்த இரண்டரை மடங்குப் பரப்பையும் மூடியாக வேண்டும். பழுத்த செர்ரியிலிருந்து தோலை ஒரு வில்லையாக வெட்டி எடுத்தால் அது சுருங்குவதையும், வெட்டிய இடம் பழத்தின் மேல் வாய் பிளப்பதையும் காணலாம். மழை என்ற ஒன்று வருவதற்கு முன்பே தோல் முழு இழுவிசையில்தான் இருக்கிறது.

இப்படி இழுபடும் கியூட்டிக்கிள் ஆங்காங்கே நுண்ணிய கீறல்களாக விட்டுக்கொடுக்கிறது. கண்ணால் பார்க்க முடியாது. ஆய்வகத்தில் அக்ரிடின் ஆரஞ்சு என்ற சாயக் கரைசலில் பழத்தை முக்கி எடுத்து ஒளிர்வு நுண்ணோக்கியின் கீழ் வைத்தால், சாயம் புகுந்த கீறல்கள் மட்டும் கோடு கோடாக ஒளிரும். கீறல் இல்லாத இடத்தில் சாயம் உள்ளே போவதில்லை. இந்தக் கீறல்கள் காம்புக் குழியிலும் நுனியிலும் அதிகம். இன்னொன்றையும் மனத்தில் வைத்துக்கொள்ள வேண்டும்: தோலின் மேல் நீர் நின்றால், ஏன், காற்றின் ஈரப்பதம் மிக அதிகமாக இருந்தாலே, இந்த நுண்கீறல்கள் பெருகுகின்றன. மழையே பெய்யாத, புழுக்கமான நாள்களும் பழத்துக்கு நல்லதல்ல.

பழைய விளக்கம் எங்கே சறுக்கியது என்பதைப் பார்ப்போம். செர்ரிச் சாற்றில் குளுக்கோஸும் பிரக்டோஸும் ஏராளம். மழைநீரோ ஏறக்குறையத் தூய நீர். சவ்வூடுபரவல் விதிப்படி நீர் சர்க்கரை இருக்கும் பக்கம் போகும். பழுத்த செர்ரிச் சாற்றுக்குத் தூய நீரை இழுக்கும் திறன் சுமார் 2 முதல் 3 மெகாபாஸ்கல், அதாவது 20 முதல் 30 வளிமண்டல அழுத்தத்துக்குச் சமம். இவ்வளவு விசையோடு நீர் உள்ளே போனால் செல்களின் விறைப்பழுத்தம் (உள்ளிருக்கும் நீர் செல்சுவரை வெளியே தள்ளும் அழுத்தம்) ஏறி, ஒரு எல்லையைத் தாண்டியதும் பழம் வெடிக்கத்தானே வேண்டும்? திராட்சையை வைத்து 1972ஆம் ஆண்டு கன்சிடைன், கிரீட்மன் என்ற இரு ஆய்வாளர்கள் இந்த 'வரம்பு அழுத்தம்' பற்றி எழுதினார்கள். செர்ரிக்கும் அதுவே பொருந்தும் என்று எல்லோரும் எடுத்துக்கொண்டார்கள்.

செர்ரிச் செல்களுக்குள் நுண்குழாயைச் செலுத்தி அழுத்தத்தை நேரடியாக அளந்தபோது கணக்கு உதைத்தது. எதிர்பார்த்தது மெகாபாஸ்கல் கணக்கில். கிடைத்ததோ ஒரு மெகாபாஸ்கலில் பத்தில் ஒரு பங்குக்கும் வெகு கீழே. காரணம், பழுக்கும் செர்ரியில் சர்க்கரை செல்லுக்குள் மட்டும் இருப்பதில்லை. செல்லுக்கு வெளியே, செல்சுவர்களுக்கிடையே உள்ள இடைவெளியிலும் சேர்ந்துவிடுகிறது. உள்ளும் புறமும் ஈடுகட்டிக்கொள்வதால் செல் பெரிய விறைப்பில் இருப்பதில்லை. ஜெர்மனியின் ஹானோவர் பல்கலைக்கழகத்தில் மோரிட்ஸ் க்னோஹேவும் அவருடைய குழுவினரும் இந்தக் கேள்வியை ஆண்டுக்கணக்கில் விடாமல் துருவியிருக்கிறார்கள். 2016இல் அவர்கள் வெளியிட்ட ஆய்வு ஒன்றில் சில பழங்களை நீரில் மூழ்கவைத்தார்கள். வேறு சிலவற்றுக்குக் காம்பின் வழியாக நீரைச் செலுத்தினார்கள். காம்பு வழியாக நீர் பெற்ற பழங்கள் கூடுதல் நீரைத் தாங்கிக்கொண்டன. மூழ்கிய பழங்கள் அதைவிடக் குறைந்த நீரிலேயே வெடித்தன. உள்ளே போன மொத்த நீரின் அளவுதான் காரணம் என்றால் இப்படி நடந்திருக்க முடியாது. என் பார்வையில் இந்த விவகாரத்தின் திருப்புமுனை இந்தச் சோதனைதான்.

அப்படியானால் தோலில் என்னதான் நடக்கிறது? அவர்கள் தரும் விளக்கத்துக்கு 'ஜிப்' கோட்பாடு என்று பெயர். நுண்கீறலின் வழியே நீர் கியூட்டிக்கிளைத் தாண்டி நேராகச் செல்களைத் தொடுகிறது. அங்கே இருக்கும் சில செல்கள், குறிப்பாகத் தோலுக்கு அடியில் உள்ள பெரிய, மெல்லிய சுவருள்ள சதைச் செல்கள், நீரை இழுத்து வெடிக்கின்றன. அவற்றின் உள்ளடக்கம் வெளியே கசிகிறது. அதில் இருக்கும் மாலிக் அமிலம்தான், அதாவது பழத்துக்குப் புளிப்பைத் தரும் அமிலம்தான், முக்கியமான வில்லன். பக்கத்துச் செல்களின் சவ்வை அது பழுதாக்குகிறது. அவையும் கசியத் தொடங்குகின்றன. செல்லும் செல்லும் ஒட்டிக்கொண்டிருக்கக் காரணமான பெக்டினில் பாலமாக நிற்கும் கால்சியத்தையும் அது பிடுங்கிவிடுகிறது. கால்சியம் போன செல்சுவர் நீரை உறிஞ்சி உப்புகிறது; உப்பிய சுவருக்கு ஒட்டும் வலிமை இல்லை. ஏற்கெனவே இழுவிசையில் இருக்கும் தோல், அந்த நெகிழ்ந்த கோட்டின் வழியே செல்செல்லாகப் பிரிந்து போகிறது. ஒரு சட்டையின் ஜிப்பை இழுத்தால் ஒரு பல் விட்டதும் அடுத்த பல் விடுவது போல, பிளவின் முனை முன்னேறிக்கொண்டே போகிறது. 2019இல் வெளியான அவர்களுடைய இன்னோர் ஆய்வு, சதைச் செல்கள் சிலவற்றின் உள்ளூர் வெடிப்பே இந்தத் தொடர்வினையைத் தொடங்கிவைக்கிறது என்பதைக் காட்டியது.

வெடித்த பழத்தின் விளிம்பை நுண்ணோக்கியில் பார்த்தால் இதற்குச் சாட்சி கிடைக்கும். நீரில் ஊறி வெடித்த பழத்தில் பிளவு பெரும்பாலும் செல்களுக்கு நடுவே, சுவரை ஒட்டியே ஓடியிருக்கும். உலர்ந்த தோலை இயந்திரத்தில் இழுத்துக் கிழித்தால் பிளவு செல்களை ஊடறுத்துப் போகும். இரண்டும் வேறு வேறு விதமான சேதம்.

இதைச் சொல்லும்போது ஆழமான கன்ன வெடிப்பைப் பற்றி ஓர் எச்சரிக்கையும் சேர்க்க வேண்டும். எல்லா வெடிப்பையும் மேற்பரப்பு ஈரத்தின் கணக்கிலேயே எழுதிவிட முடியாது என்று ஆஸ்திரேலியாவின் டாஸ்மேனியாவில் நடந்த ஆய்வுகள் வாதிடுகின்றன. நீண்ட மழைக்குப் பிறகு வேர் வழியாகவும் மரம் வழியாகவும் பழத்துக்குள் வரும் நீருக்கும் கன்னத்தில் தோன்றும் பெரிய பிளவுகளுக்கும் தொடர்பு இருக்கிறது என்பது அவர்கள் நிலைப்பாடு. பழம் முதிர முதிர, மண்ணிலிருந்து நீர் கொண்டுவரும் சைலக் குழாய்களின் தொடர்பு குறைந்துபோகிறது. பழத்துக்கு வருவதில் பெரும்பகுதி, இலையில் உருவான சர்க்கரையைக் கொண்டுவரும் புளோயம் குழாய்கள் வழியே வரும் சர்க்கரை நீர்தான். எனவே வேர்வழி நீரின் பங்கு எந்த அளவு என்பதில் கருத்து வேறுபாடு இருக்கத்தான் செய்கிறது. குழியிலும் நுனியிலும் வரும் வெடிப்பைப் பொறுத்தவரை எனக்கு ஐயம் எதுவும் இல்லை. அது மேற்பரப்பின் விவகாரம்.

இப்போது உங்கள் பாசனக் கேள்வி. மழைக்கு முன்னால் நீரை நிறுத்துவதால் பழத்தின் மேல் விழும் துளி குறையப்போவதில்லை. குழியில் தேங்கும் நீர் வேரைக் கேட்டுக்கொண்டு தேங்குவதில்லை. மண்ணை வறளவிட்டு, பிறகு மழை வந்து திடீரென நனைத்தால், கன்ன வெடிப்புக்கு நீங்களே வழிசெய்து கொடுத்தது போலாகும். கடைசி வாரங்களில் நீர்த் தட்டுப்பாடு வந்தால் பழமும் சிறுத்துப்போகும். மண்ணின் ஈரத்தை ஏற்ற இறக்கம் இல்லாமல் வைத்திருங்கள் என்பதே சரியான அறிவுரை. மரத்தின் மேலிருந்து தெளிக்கும் பாசனம் இருந்தால், பழம் நிறம் மாறத் தொடங்கியதிலிருந்து அதை நிறுத்திவிட வேண்டும். அது நாமே பெய்விக்கும் மழை.

மழையின் அளவைப் பார்த்து அஞ்சுகிறவர்கள் பலர். மில்லிமீட்டர் கணக்கு அவ்வளவு உதவாது. அரைமணி நேரம் கொட்டித் தீர்த்து, உடனே வெயிலும் காற்றும் வந்துவிட்டால் சேதம் குறைவு. இரவு முழுக்கத் தூறி, விடிந்த பிறகும் மேகம் விலகாமல் காற்றசைவே இல்லாமல் இருந்தால் அதுதான் கேடு. நீர் வெதுவெதுப்பாக இருந்தால் தோலின் வழியே உட்புகும் வேகம் கூடும். குளிர்ந்த மழையைவிடக் கோடை மழை மோசமானது. பழத்தின் முதிர்ச்சியும் முக்கியம். பச்சை மாறி வைக்கோல் நிறத்துக்கு வரும்வரை அதிகம் கவலைப்பட வேண்டாம். அதற்குப் பிறகு ஒவ்வொரு நாளும் ஆபத்து கூடிக்கொண்டே போகும்.

கால்சியத்தின் கதை நீண்டது. அமெரிக்காவில் 1930களிலேயே கால்சியத் தெளிப்பால் வெடிப்பு குறைவதை எழுதிவைத்தார்கள். ஆய்வகத்தில் இதை யாரும் சோதித்துப் பார்க்கலாம்: ஒரே மரத்துப் பழங்களைப் பாதிப் பாதியாகப் பிரித்து, ஒரு பாதியை வடிநீரிலும் (காய்ச்சி வடித்த தூய நீர்) மறு பாதியை நீர்த்த கால்சியம் குளோரைடு கரைசலிலும் போட்டுவையுங்கள். சில மணி நேரத்தில் வேறுபாடு பளிச்சென்று தெரியும். காரணமும் இப்போது நமக்குத் தெரியும்: மாலிக் அமிலம் பிடுங்கிய கால்சியத்தின் இடத்தை வெளியிலிருந்து வரும் கால்சியம் நிரப்புகிறது, செல்சுவர் உப்புவது மட்டுப்படுகிறது, ஜிப் ஓடுவது தடைபடுகிறது.

தோட்டத்தில் மட்டும் இது ஓர் ஆண்டு கைகொடுக்கும், அடுத்த ஆண்டு கைவிடும். கால்சியம் தோலைத் தாண்டி உள்ளே போவது மிகக் குறைவு. எனவே அது தன் வேலையைச் செய்ய வேண்டுமானால், பழத்தின் மேல் நிற்கும் அந்தத் துளிக்குள்ளேயே, வெடிப்பு தொடங்கும் அந்த நேரத்தில் கரைந்திருக்க வேண்டும். முந்தின நாள் தெளித்ததை முதல் பத்து நிமிட மழையே கழுவிக்கொண்டு போய்விடும். மழை பெய்துகொண்டிருக்கும்போதே மரத்தின் மேல் அமைத்த தெளிப்பான்கள் விட்டுவிட்டுக் கால்சியம் கரைசலைத் தூவும் அமைப்புகளையும் முயன்று பார்த்திருக்கிறார்கள். கோட்பாட்டின்படி இதுதான் சரியான முறை. ஆனால் கால்சியம் குளோரைடு அளவு கூடினால் இலை கருகும், பழத்தின் மேல் வெண்படிவு தங்கும். அந்தப் படிவோடு பழத்தை விற்க முடியாது. பொதுவாக அரை சதவீதக் கரைசலை ஒட்டித்தான் பயன்படுத்துகிறார்கள். பழத்தின் உறுதிக்காகப் பருவத்தில் சிலமுறை கால்சியம் தெளிப்பதை நான் குறைசொல்ல மாட்டேன். அதையே மழைக்கான காப்பு என்று நம்பிக் கூரைச் செலவைத் தள்ளிப்போடுவதைத்தான் வேண்டாம் என்கிறேன்.

ஹெலிகாப்டர் வேடிக்கைப் பொருள் அல்ல. வாஷிங்டன் மாநிலத்திலும் கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியாவிலும் ஜூன், ஜூலை மாதங்களில் மழை நின்ற உடனே அவை மரங்களுக்குச் சற்று மேலே மெல்ல ஊர்ந்து போவதைக் காணலாம். இறக்கைகள் கீழே தள்ளும் காற்று இலைகளை உலுக்கி, பழத்தில் தொங்கும் நீரை உதிர்க்கிறது. ஈரம் நிற்கும் நேரத்தைக் குறைப்பதுதான் நோக்கம் என்பதால் அடிப்படை சரியானது. குறைகள் வேறு இடத்தில் இருக்கின்றன. காம்புக் குழியில் தேங்கிய நீர் முழுவதும் போவதில்லை. மழை தொடர்ந்தால் மீண்டும் மீண்டும் பறக்க வேண்டும். இரவிலும் பலத்த காற்றிலும் பறப்பது ஆபத்து. மரங்களை ஒட்டித் தாழப் பறந்ததில் விபத்துகளும் நடந்திருக்கின்றன. கிளைகள் மோதிப் பழம் கன்றிப்போவதும் உண்டு. பலர் டிராக்டரில் இழுக்கும் மருந்துத் தெளிப்பானில் மருந்தும் நீரும் இல்லாமல் காற்றை மட்டும் ஊதி மரங்களை உலர்த்துகிறார்கள். நெருக்கமாக நட்ட, உயரம் குறைந்த வரிசைகளில் அது நன்றாகவே வேலை செய்கிறது.

கூரைதான் நான் மனமார நம்பும் தீர்வு. நீரே படாமல் தடுத்துவிட்டால் நுண்கீறல், அமிலம், ஜிப் என்ற சங்கிலியின் முதல் கண்ணியே அறுந்துபோகிறது. அறுவடைக் காலத்தில் மழைக்குப் பஞ்சமில்லாத நார்வேயில் கூரை இல்லாத செர்ரி வியாபாரம் பெரும்பாலும் கட்டுப்படியாகாது. நவம்பர், டிசம்பர் மழைக்கு நடுவே ஏற்றுமதிக்குப் பழம் பறிக்க வேண்டிய சிலியிலும் தோட்டங்கள் பரந்த அளவில் பிளாஸ்டிக்கின் கீழ் வந்துவிட்டன. கம்பியில் விரித்து மூடும் திரை, வளைவுக் கூடாரம், மோட்டாரில் தானாக விரிந்து சுருங்கும் கூரை என்று பல வடிவங்கள் உண்டு. மலிவானதிலிருந்து மிக விலை உயர்ந்ததுவரை.

கூரை போட்டதும் கவலை தீர்ந்தது என்று எண்ணிவிட வேண்டாம். கூரையின் கீழே காற்று தேங்கினால் வெப்பமும் ஈரப்பதமும் ஏறும். அதிகாலையில் பழத்தின் மேல் பனித்துளிபோல நீர் கோத்து நிற்கும். ஈரப்பதமே நுண்கீறலைப் பெருக்கும் என்று மேலே சொன்னது இங்கேதான் உதைக்கிறது. வரிசைக்கு மேலே காற்று வெளியேற வழி விட்ட கூரைகள் இதனால்தான் முழுக்க மூடியவற்றைவிட எனக்குப் பிடித்தவை. கூரையின் இரு பக்கமும் வழியும் மழை வரிசைகளுக்கு நடுவே மண்ணில் இறங்கி வேருக்குப் போவதையும் மறக்கக் கூடாது. வடிகால் இல்லாத இடத்தில் கூரையின் கீழேயும் கன்ன வெடிப்பு வருவது இதனால்தான். பூக்கும் காலத்தில் மூடிவைத்தால் தேனீக்கள் தடுமாறும். வெளிச்சம் குறைந்து, வெப்பம் கூடினால் பழம் மென்மையாகிவிடும். எனவே மழைக்காக மட்டும் என்றால், வைக்கோல் நிறம் தொடங்கும்போது மூடி, அறுவடை முடிந்ததும் சுருட்டிவிடுவதே நல்லது.

பழத்தின் மேல் தெளித்தால் மெல்லிய படலமாகப் படிந்து நீரைத் தடுக்கும் என்று விற்கப்படும் மெழுகு, கொழுப்புப் பூச்சுகள் பற்றி ஒரு வரி: சில இடங்களில் ஓரளவு பலன், பல இடங்களில் ஒன்றும் இல்லை, வளர்ந்துகொண்டே இருக்கும் பழத்தின் மேல் எந்தப் பூச்சும் கிழியாமல் நிற்பது கடினம். ஜிப்ரெலிக் அமிலம் என்ற தாவர வளர்ச்சி ஹார்மோனை வைக்கோல் நிறக் கட்டத்தில் தெளிப்பது பழத்தை உறுதியாக்கவும் அறுவடையைச் சில நாள் தள்ளிவைக்கவும் உதவும். வெடிப்பைக் குறைக்கும் என்று அதை வாங்காதீர்கள்.

ரகத்தைத் தேர்ந்தெடுப்பது புதிதாக நடுகிறவர்களுக்கு மட்டுமே கிடைக்கும் வாய்ப்பு. ஆனால் அதன் பலன் மரம் இருக்கும்வரை தொடரும். வெடிப்பே வராத ரகம் எதுவும் இல்லை. பிங் எளிதில் வெடிக்கும். 1870களில் ஓரிகனில் தோன்றிய அந்த ரகம், இந்தக் குறையோடும் தன் சுவைக்காக இன்றும் பயிரிடப்படுகிறது. பர்லாவும் மழைக்கு அஞ்சும் ரகம்தான். கனடாவின் சம்மர்லேண்டில் உருவான லேப்பின்ஸ் நடுத்தரம். ஜெர்மனியின் ரெஜினா தாங்கும் திறன் உடையது என்று பெயர் பெற்றது. ஆனால் அது தாமதமாகப் பழுக்கும் ரகம், உங்கள் மழைக்காலம் எப்போது என்பதைப் பார்த்துத்தான் முடிவு செய்ய வேண்டும். ரகத்தின் பெயரைக் காட்டிலும் அறுவடையின் வாரம் சில இடங்களில் முக்கியமானது. பழுக்கும் காலம் வேறுபட்ட இரண்டு மூன்று ரகங்களைக் கலந்து வைத்தால் ஒரே மழையில் எல்லாம் போவதைத் தவிர்க்கலாம்.

காய்ப்பின் அளவையும் சேர்த்துப் பாருங்கள். மரத்தில் பழம் குறைவாக இருந்தால் ஒவ்வொன்றும் பெரிதாக, சர்க்கரை கூடுதலாக வளரும். அவையே முதலில் வெடிக்கும். உறைபனியில் பூக்கள் கருகி, எஞ்சிய கொஞ்சப் பழமும் மழையில் வெடித்து, கைக்கு எட்டியது வாய்க்கு எட்டாமல் போகும் ஆண்டுகள் இப்படித்தான் வருகின்றன. காய் பறித்து மட்டுப்படுத்துகிறவர்கள் அளவோடு நிறுத்திக்கொள்ள வேண்டும்.

உங்கள் மரத்துப் பழம் எவ்வளவு எளிதில் வெடிக்கும் என்று அறிய ஒரு பழைய சோதனை இருக்கிறது. 1930களின் தொடக்கத்தில் அமெரிக்காவில் வெர்னர், பிளாட்ஜெட் என்ற ஆய்வாளர்கள் தொடங்கிவைத்தது; பின்னர் கிறிஸ்டென்சன் என்ற ஆய்வாளர் அதைச் செம்மைப்படுத்தினார். குறையில்லாத 50 பழங்களை வடிநீரில் மூழ்கவைத்து, 2, 4, 6 மணி நேரங்களில் வெடித்தவற்றை எண்ணி அகற்ற வேண்டும். முதல் சுற்றில் வெடித்த எண்ணிக்கையை 5ஆலும், அடுத்ததை 3ஆலும் பெருக்கி, கடைசியை அப்படியே சேர்த்து, 100ஆல் பெருக்கி 250ஆல் வகுத்தால் வெடிப்புக் குறியீடு கிடைக்கும். எல்லாப் பழமும் இரண்டு மணி நேரத்தில் வெடித்தால் 100. எதுவும் வெடிக்காவிட்டால் சுழியம். நீரின் வெப்பநிலையை ஒவ்வொரு முறையும் ஒன்றாகவே வைத்திருங்கள். அதே ரகம் இரு வேறு ஆண்டுகளில் இரு வேறு எண்ணைத் தருவது இயல்பு. எனவே ஒரே நாளில் பறித்த பழங்களுக்குள் ஒப்பிட மட்டும் இதைப் பயன்படுத்துங்கள். மூழ்கிய பழத்தின் முழுத் தோலும் நனைகிறது, மழையிலோ சில இடங்கள்தான் நனைகின்றன என்ற வேறுபாட்டையும் மறந்துவிட வேண்டாம்.

மழை பெய்தே விட்டது என்றால்? ஈரத்தோடு அவசரப்பட்டுப் பறிக்க வேண்டாம். ஈரப் பழத்தைப் பெட்டியில் அடைத்தால், மரத்தில் வெடிக்காமல் தப்பியவையும் பெட்டிக்குள் வெடிக்கும். முதலில் காற்றை ஊதி உலர்த்துங்கள். பிறகு மரத்தின் உச்சி, நடு, அடி, வெளிப்புறம், உட்புறம் என்று பல இடங்களிலிருந்து நூறு பழங்களை எடுத்து, ஒவ்வொன்றின் காம்பையும் சாய்த்துக் குழியைப் பார்த்து எண்ணுங்கள். தொலைவிலிருந்து பார்த்து மதிப்பிட்டால் எப்போதும் குறைவாகத்தான் தோன்றும்; குழி வெடிப்பு காம்பின் நிழலில் மறைந்திருக்கும். கால்வாசிக்கு மேல் வெடித்திருந்தால் பறிப்புக் கூலிக்கும் தரம் பிரிக்கும் செலவுக்கும் கட்டாது என்று பல இடங்களில் அந்த மரங்களைப் பறிக்காமலே விட்டுவிடுகிறார்கள்.

வெடித்த பழம் மரத்தில் கிடப்பதும் தொல்லைதான். பழுப்பு அழுகல் நோய்க்கான பூஞ்சை திறந்த சதையில் புகுந்து, ஒட்டியிருக்கும் நல்ல பழத்துக்கும் தாவும். கொத்தில் ஒன்று வெடித்திருந்தால் அதை மட்டுமாவது உதிர்த்துவிடுவது நல்லது. குழியில் மேலோட்டமாக வந்த பிறை வெடிப்புகள் வறண்ட வானிலையில் காய்ந்து தழும்பாகிவிடும். அவை புதுப்பழமாக விற்கத் தேறாவிட்டாலும் பதப்படுத்தும் ஆலைக்குத் தேறும். பறித்ததில் சந்தேகம் இருந்தால் ஒரு சிறு பெட்டி மாதிரியை உறையாத குளிர்நிலையில் இரண்டு மூன்று நாள் வைத்துத் திறந்து பாருங்கள். பறித்த அன்று கண்ணுக்குத் தப்பிய வெடிப்புகள் அதற்குள் விளிம்பு பழுத்துப் பழுப்பாகக் காட்டிக்கொடுத்துவிடும். அந்தப் பெட்டியைப் பார்த்த பிறகு தொலைதூரச் சந்தைக்கு அனுப்புவதா, பக்கத்திலேயே விற்றுவிடுவதா என்று முடிவு செய்யலாம்.